ஈரம் போகாத விதையை மூடி வைக்காதீர்கள்

விதைப்புப் பருவம் தொடங்கும்போதெல்லாம், வீட்டுத் தோட்டத்தில் எடுத்து வைத்த பீன்ஸ் விதை முளைக்கவில்லை என்று சிலராவது என்னிடம் கொண்டு வருகிறார்கள். ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அவ்வளவு அக்கறையாக வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்ததும் வரும் பூஞ்சை வாடையே காரணத்தைச் சொல்லிவிடும். விதை பரிசோதனைப் பணியில் நான் மிகுதியாகக் காணும் இழப்பு, காயாத விதையை மூடி வைத்ததால் நேர்ந்ததே.

விதை உயிருள்ளது, சுவாசிக்கிறது. ஈரம் மிகுந்தால் சுவாசம் விரைந்து, முளைக்காகச் சேர்த்து வைத்த உணவு வீணாகிறது. ஈரப்பதம் 1 சதவீதம் குறையும்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது விதை அறிவியலாளர் ஹாரிங்டன் வகுத்த விதி. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அதே பலன் உண்டு.

உலர்த்தல் செடியிலேயே தொடங்க வேண்டும். காய் பழுப்பேறி நெற்றாகி, ஆட்டினால் உள்ளே கலகலக்கும் வரை பறிக்கக் கூடாது. இடையில் மழை பிடித்துக்கொண்டால், செடியை வேரோடு பிடுங்கிக் காற்றோட்டமான கூரையின் கீழ்த் தலைகீழாகத் தொங்கவிடலாம். நல்ல காய்களையெல்லாம் சமைத்துவிட்டு, கடைசியில் எஞ்சிய சூம்பல் காய்களை விதைக்கு விடும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. திடமான சில செடிகளைத் தொடக்கத்திலேயே நாடா கட்டி ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் ஒரு காயைக்கூடச் சமையலுக்குப் பறிக்காதீர்கள். இலையில் தேமலோ காயில் குழிந்த கரும்புள்ளியோ கண்ட செடி வேண்டாம், ஏனெனில் அந்நோய்கள் விதை வழியாகவே அடுத்த பருவத்துக்குச் செல்லக்கூடியவை. ரகக் கலப்பைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. பீன்ஸ் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வது, அதாவது தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்ப்பது.

உரித்த விதையை நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலும் ஓரிரு வாரம் உலர்த்துங்கள். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூடு ஆகாது. ஒரு விதையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, சில்லாகத் தெறித்தால் குப்பியில் அடைக்கலாம்.

நன்றாக மூடிய குப்பிக்குள் வண்டு எப்படி வந்தது என்று பலர் வியக்கிறார்கள். பெரும்பாலும் அது தோட்டத்திலேயே காயில் முட்டையாக ஏறி, புழுவாக விதைக்குள் புகுந்து, உங்களுடனேயே வீட்டுக்குள் வந்திருக்கும். முற்றிலும் உலர்ந்த விதையை மூடிய குப்பியோடு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால், முட்டையும் புழுவும் மடியும். ஈர விதையை அப்படி வைத்தால், உள்ளிருக்கும் நீர் உறைந்து விதையே செத்துவிடும். வெளியே எடுத்த குப்பியை, அதன் குளிர் முழுவதும் தணியும் வரை திறக்காதீர்கள். திறந்தால் காற்றின் ஈரம் விதை மேல் நீராகப் படியும்.

குளிர்ந்த, இருண்ட இடத்தில் வைத்தால் இவ்விதை 3 ஆண்டுகளாவது நன்றாக முளைக்கும். ஆயினும் விதைக்கும் முன் 10 விதைகளை ஈரத் துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் வழக்கம்போல் ஊன்றலாம். பாதிதான் முளைத்தால் குழிக்கு இரண்டாக ஊன்றி, அந்தப் பருவத்திலேயே புது விதை எடுத்துவிடுங்கள்.