முதல் வண்டி 100 சிசி போதும்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு வண்டி எடுத்துக் கொடுக்கும் காலம் இது. பையன் கண் 160, 200 சிசி மேல்தான் நிற்கும். வீட்டில் நிற்கும் ஸ்பிளெண்டரை அப்பா வண்டி என்று ஒதுக்குவான். பெற்றோரே, வண்டி வேலை பார்க்கிறவர்களாகச் சொல்கிறோம்: ஓட்டப் பழக அந்த 100 சிசி வண்டிதான் சரி. முதல் ஒரு வருஷமாவது அதிலேயே ஓட்டட்டும்.

முதல் காரணம் எடை. ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, ஹோண்டா ஷைன் 100 சுமார் 99 கிலோ. 150 சிசிக்கு மேல் போனால் பெரும்பாலும் 140 கிலோவைத் தாண்டிவிடும். ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, நிற்கப் போகும்போது தெரியும். நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து போகிறோம், ஹேண்டில் லேசாகத் திரும்பியிருக்கிறது, முன்னால் ஆட்டோ நிற்கிறது. பதறி முன் பிரேக்கை இறுக்கினால் ஹேண்டில் திரும்பிய பக்கமே வண்டி சாயும். 112 கிலோவை ஒற்றைக் காலை ஊன்றித் தாங்கிவிடலாம். 150 கிலோ வண்டி ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடிக்க முடியாது. காலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது எஞ்சின். ஸ்பிளெண்டரின் 97.2 சிசி எஞ்சின் தருவது சுமார் 8 குதிரைத்திறன். பழகுகிறவன் திடுக்கிட்டால் உடம்பு பின்னால் போகும், கை தானாக ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கும். சின்ன எஞ்சினில் வண்டி கொஞ்ச தூரம் துள்ளும், சுதாரிக்க நேரம் இருக்கும். அதே முறுக்கலுக்கு 200 சிசி வண்டி எதிர்ச் சுவரில் போய்த்தான் நிற்கும்.

கிளட்ச் பழக ஊர்ப் பொட்டலே போதும். தரை சமமாக இருக்க வேண்டும். எஞ்சின் இரண்டு நிமிஷம் ஓடிச் சூடானதும் முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. கிளட்ச் லிவரை நாலு விரலாலும் பிடித்து மெல்ல, மிக மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், வண்டி ஒரு விரற்கடை முன்னால் நகரப் பார்க்கும். அதுதான் பிடிக்கிற இடம். மூன்று எண்ணும்வரை அங்கேயே வைத்திருந்து மறுபடி அமுக்குங்கள். முப்பது தடவை இதை மட்டும் செய்தால் கை அந்த இடத்தை மறக்காது. பிறகு அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் விட்டால், ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டி நடை வேகத்தில் போகும். ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போடும்போது கால் ஊன்றாமல் திரும்பக் கைகொடுப்பது இந்த வேகம்தான்.

இவ்வளவு செய்தும் வண்டி குதித்துக் குதித்து அணைந்தால் பையனைத் திட்டாதீர்கள், கேபிளைப் பாருங்கள். லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் பிளே, அதாவது பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா ஆடும் இடைவெளி, இருக்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கிளட்ச் முழுதாக விடுபடாது: கியர் இறுகும், முதல் கியர் போட்டதும் வண்டி இழுக்கும். பிளேயே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கித் தேயும், கருகின வாடை வரும். செயினில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு, பின் பிரேக் பெடலிலும் அதே அளவு பிளே. ஸ்பிளெண்டர் டயருக்குக் காற்று முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28, பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 41. எல்லாவற்றுக்கும் நாற்பது அடித்துவிட்டு, திசையன்விளைப் பக்கம் மணல் பரவிய ரோட்டில் சறுக்குகிறது என்று சொல்லிப் பயனில்லை.

பிரேக்கைப் பற்றி ஒன்று. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 100 சிசி வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரமும் ஓரளவு பிடிக்கும்படி இணைப்பு உண்டு. அப்பாவின் பழைய வண்டியில் அது கிடையாது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், நிற்க வேண்டிய தூரமும் கூடும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக்குங்கள். டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் பிடிமானம் குறையும். தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

சின்ன வண்டிக்கு ஒரு பலவீனம் உண்டு, நம் பக்கம் அது முக்கியம். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு நாற்கர ரோட்டில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வண்டியையே தள்ளும். நாகர்கோவில் நோக்கிப் போகும்போது காற்று வலப்பக்கமிருந்து வரும். அதைச் சமாளிக்க வண்டியை வலப்பக்கம் சற்றுச் சாய்த்தே ஓட்டிக்கொண்டிருப்போம். அந்த நேரம் ஒரு லாரி வலப்பக்கம் முந்தினால் காற்று சட்டென்று அடைபடும், சாய்ந்திருக்கும் வண்டி லாரியை நோக்கியே இழுக்கும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறையும், வண்டி ஓரத்துக்குப் போகும். கண்ணாடியில் லாரி தெரிந்ததுமே வேகத்தை ஐம்பதுக்குக் கீழ் இறக்கி, இடது ஓரமாக இடம்விட்டு, ஹேண்டிலை இறுக்காமல் பிடிக்க வேண்டும். பழகுகிற பிள்ளை அந்த இரண்டு மாதமும் அந்த ரோட்டுக்கே போக வேண்டாம்.

கியர் வண்டிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். 16 வயதுக்கு லைசென்ஸ் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்எல் 100 வண்டியின் எஞ்சின் 99.7 சிசி, ஆகவே கியர் இல்லை என்று பள்ளிக்கூடப் பையனிடம் அதைக் கொடுப்பதும் குற்றம். 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்தாகும்.

ஒரு வருஷம் கழித்துப் பெரிய வண்டிக்கு மாறும்போது கியரில் கவனம் வேண்டும். ஸ்பிளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம் அமுக்கினால் கூடும். பல்சர் போன்ற வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே தூக்க வேண்டும். பழைய நினைப்பில் அறுபதில் போகும்போது மேல் கியருக்கென்று அமுக்கினால் கியர் இறங்கும், கிளட்சை விட்டதும் எஞ்சின் அலறி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நண்பன் வண்டியை ஒரு ரவுண்டு கேட்டு வாங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். புது வண்டி வந்த அன்று மறுபடி அந்தப் பொட்டலுக்கே போய், கியரை மேலும் கீழுமாக ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்த பிறகு ரோட்டுக்கு எடுங்கள்.