வின்ட்சர்கெநோசன்ஷாஃப்ட்: தமிழில் என்ன சொல்வது?

ஜெர்மன் வைன் பாட்டில் லேபிளில் அடிக்கடி தென்படும் சொல் இது. படிக்கும்போது நாக்கு சுளுக்கும். பிரித்தால் இரண்டே துண்டுதான். 'வின்ட்சர்' என்றால் திராட்சை பயிரிடுபவர். லத்தீன் 'வினிடோர்' பழைய ஜெர்மனில் 'வீன்சுரில்' ஆகி, இப்படித் தேய்ந்தது. 'கெநோசன்ஷாஃப்ட்' கூட்டுறவு அமைப்பு. அதில் உள்ள 'கெநோசெ'வுக்கு ஆதியில் மாடுகன்றைப் பொதுவில் வைத்திருப்பவர் என்று பொருள். அப்புறம் கூட்டாளி, தோழர் என்று விரிந்தது. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் விளிப்பதும் இதே சொல்லால்தான்.

ஜெர்மனியின் திராட்சைத் தோட்டங்கள் பலவும் சொத்துப் பிரிவினையில் துண்டுதுண்டான சரிவு நிலங்கள். பிழியும் செக்கும் பீப்பாயும் சொந்தமாக இல்லாதவர் அறுவடை அன்றே வியாபாரி சொன்ன விலைக்குப் பழத்தைத் தள்ளியாக வேண்டும். ஆர் நதிப் பள்ளத்தாக்கில் மைஷோஸ் ஊர் விவசாயிகள் 1868-இல் சங்கம் கட்டியது இதற்காகத்தான். அது இன்றும் நடக்கிறது. கூட்டுறவுகளுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1889-இல்.

சங்கம் வேலை செய்யும் விதம் நம் பால் சங்கம் மாதிரிதான். டிராக்டரில் வரும் திராட்சையை எடை போட்டு, சாறு எடுத்து, இனிப்பைக் காட்டும் அளவான 'எக்ஸ்லே' பார்ப்பார்கள். ஒரு லிட்டர் சாறு 1085 கிராம் இருந்தால் 85 எக்ஸ்லே. இனிப்பு ஏற ஏற எண்ணும் ஏறும், விலையும் ஏறும். பணம் ஒரே நாளில் கைக்கு வராது. தவணை தவணையாக வரும். பல சங்கங்களில் விளைந்த பழம் முழுவதையும் சங்கத்துக்கே கொடுத்தாக வேண்டும். நல்லதை ஒதுக்கி வெளியே விற்க முடியாது. கறாரான விதிதான், ஆனால் அது இல்லாவிட்டால் சங்கத்துக்குக் கழிவுதான் வந்து சேரும்.

சின்ன ஊர்ச் சங்கத்துக்கு ஆலை வைக்கவும் கட்டுப்படியாகாது. அதற்கு மேலடுக்காக 'ட்சென்ட்ரால்கெல்லரை', அதாவது பல சங்கங்களுக்குமான மைய வைன் ஆலை, இருக்கிறது. பாடன் பகுதியில் பிரைசாக் ஊரில் 1952-இல் தொடங்கிய ஆலை அப்படிப்பட்டது. ஊர்ச் சங்கங்கள் அனுப்பும் திராட்சை அங்கே வைன் ஆகிறது.

சரி, தமிழில்? 'திராட்சை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம்' என்பதே என் தேர்வு. 'மது உற்பத்தியாளர் சங்கம்' வேண்டாம், சாராய ஆலை முதலாளிகள் கூடியதுபோல் ஒலிக்கிறது. மேலடுக்குக்கு, மாவட்டப் பால் ஒன்றியத்தை ஒட்டி 'ஒன்றிய வைன் ஆலை' எனலாம். 'கூட்டுறவு' இங்கே வெறும் அகராதிப் பொருத்தம் இல்லை. சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன், 1890-களில் விவசாயக் கடன் பற்றி எழுதிய அறிக்கையில் பரிந்துரைத்தது ஜெர்மனியின் ரைஃபைசன் வகைச் சங்கங்களை, அதாவது கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத்தான். 1904-இல் வந்த இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடித்தளமிட்டவற்றுள் அந்த அறிக்கையும் ஒன்று.

லேபிளில் இன்னொன்றும் கவனியுங்கள். 'எர்ட்சாய்கர்அப்ஃப்யுல்லுங்', அதாவது 'விளைவித்தவர் அடைத்தது', கூட்டுறவுக்கும் பொருந்தும். 'கூட்ஸ்அப்ஃப்யுல்லுங்' என்றால் தனிப் பண்ணை தன் திராட்சையைத் தானே வைனாக்கி அடைத்தது; சங்கம் அதைப் போட்டுக்கொள்ள முடியாது.