ஊர்ல சிலை தகராறா? யாரு சிலைன்னு கேக்குறதுக்கு முன்னாடி யாரு எடம்னு கேளுங்க

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு போனவங்க எல்லாரும் வெளிய பார்க்குல நிக்கிற ராஜராஜன் சிலைய பாத்திருப்பீங்க. கோயில கட்டுனவரு ஏன் கோயிலுக்கு வெளிய நிக்கிறாருன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா? 1972ல கருணாநிதி முதலமைச்சரா இருந்தப்ப கோயில் வளாகத்துக்குள்ளயே வைக்கணும்னுதான் நெனச்சாங்க, ஆனா கோயில் இருக்குறது மத்திய தொல்லியல் துறை கையில, அவங்க முடியாதுன்னுட்டாங்க, அதோட வெளிய வச்சதுதான், அம்பது வருசம் தாண்டியும் அங்கயே நிக்குது. முதலமைச்சருக்கே இதான் நெலமன்னா நம்ம ஊரு முக்கூட்டு சிலைக்கு மட்டும் வேற கணக்கா இருக்கும்?

ரோடு அகலமாக்குறோம் சிலைய எடுங்கன்னு ஒரு கூட்டம், எடுத்தா நடக்குறதே வேறன்னு இன்னொரு கூட்டம், நடுவுல கம்பிக்கூண்டுக்குள்ள சிலை, பக்கத்துல சேர் போட்டு ரெண்டு போலீஸ். டெல்டால இத பாக்காத ஊரு கம்மி. இதுல சாதாரண ஆளு தன் கருத்த எங்க, எப்படி சொல்றதுன்னுதான் இங்க எழுதுறேன்.

மொத வேல, அந்த எடத்தோட சர்வே நம்பர கண்டுபிடிங்க. விஏஓகிட்ட கேக்கலாம். நம்பர் கையில இருந்தா அ-பதிவேட்ட அரசோட இ-சேவை வெப்சைட்லயே எடுத்துப் பாக்கலாம். அதுல ரோடு புறம்போக்கா, நத்தமா, வாய்க்கால் புறம்போக்கா, பட்டாவான்னு போட்டிருக்கும். நம்ம பக்கம் வாய்க்கால் கரையிலயும் மதகடியிலயும் நெறய சிலை நிக்குது, அது நீர்வளத்துறை சமாச்சாரம் ஆயிடும். மெயின் ரோடுன்னா நெடுஞ்சாலைத்துறை. ஊருக்குள்ள இருக்குற தெருன்னா பஞ்சாயத்தோ நகராட்சியோ. இது தெரியாம பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல மறியல் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, நெடுஞ்சாலைத்துறை எடத்துல இருக்குற சிலைய பஞ்சாயத்தால என்ன பண்ண முடியும்?

புதுசா சிலை வைக்கிற விஷயத்துல 2013 ஜனவரி 18ல சுப்ரீம் கோர்ட் போட்ட ஆர்டர் ஒன்னு இருக்கு. கேரளால ஒரு ஜங்ஷன்ல சிலை வைக்கிற பிரச்சனையில வந்தது, ஆனா எல்லா மாநிலத்துக்கும் பொருந்தும்னு சொல்லிட்டாங்க. பொது ரோடு, நடைபாதை, ரோட்டோரம், மக்கள் பயன்பாட்டு எடம், இங்கெல்லாம் இனிமே சிலை வைக்க மாநில அரசு அனுமதி கொடுக்கக் கூடாது. தெருவிளக்கு, டிராபிக் சம்மந்தப்பட்ட வேலைக்கெல்லாம் இது தடை இல்ல. இதுல “இனிமே”ங்கிற வார்த்தைய கவனிங்க. அந்த ஆர்டர காட்டி முப்பது வருசமா நிக்கிற சிலைய நாளைக்கே தூக்குன்னு ஒருத்தன் சொன்னா, அந்த ஆர்டர்ல அப்படி இல்ல. ஆனா ரோட்டுக்கு எடைஞ்சல்னு தனியா கேஸ் போடலாம், அது வேற வழி.

பழைய கோட்டை, கோயில், கல்லறை மாதிரி பாதுகாக்கப்பட்ட சின்னம்னா வேற சட்டம். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூணும் மத்திய தொல்லியல் துறை. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை மாநில தொல்லியல் துறை, அதுக்கு 1966 சட்டம். மத்திய சட்டம் 1958லேர்ந்து இருக்கு. அதுல ரொம்ப பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், ஒரு சின்னத்த தேசிய முக்கியத்துவம் உள்ளதுன்னு அறிவிக்கப் போறாங்கன்னா மொதல்ல கெஜட்ல ரெண்டு மாச நோட்டீஸ் கொடுக்கணும், அந்த நோட்டீஸ் காப்பிய சின்னத்துக்குப் பக்கத்துலயே கண்ணுல படுற மாதிரி ஒட்டணும், சம்மந்தப்பட்ட யார் வேணா அந்த ரெண்டு மாசத்துக்குள்ள ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். ஒட்டுன பேப்பர் மேல போஸ்டர் ஒட்டிட்டுப் போயிடுவாங்க நம்மாளுங்க, அதனால தேதி தாண்டுனதுக்கு அப்பறம்தான் ஊருக்கு விஷயமே தெரியும். அறிவிச்சதுக்கு அப்பறம் 100 மீட்டர்க்குள்ள புதுசா எதுவும் கட்டக் கூடாது, அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கித்தான் கட்டணும், இது 2010 திருத்தம். கோயில சுத்தி வீடு இருக்குறவங்களுக்கு இதோட வலி தெரியும், கூரை ஓட்ட மாத்தவே பேப்பரோட அலையணும்.

இனி எங்க பேசுறதுன்னு பாப்போம். கிராமம்னா கிராம சபை. வருசத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க பஞ்சாயத்து வோட்டர் லிஸ்ட்ல பேரு இருந்தா நீங்க மெம்பர், திருப்பூர்ல வேலை பாத்தாலும் சரி, அன்னிக்கு வந்து உக்காந்தா பேசலாம். டவுன்ல இருக்குறவங்களுக்கு ஏரியா சபை. ஒன்னு சொல்லிடுறேன், கிராம சபை தீர்மானத்தால மட்டும் சிலை ஒரு அடி நகராது. ஆனா ஃபைல்ல ஊரு என்ன சொல்லுதுன்னு காட்டுற ஒரே பேப்பர் அதுதான், கலெக்டர் ஆபீஸ்லயும் கோர்ட்லயும் அத எடுத்து வைக்கலாம்.

எங்க ஊர்ல நடந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில சபை, வந்த உடனே நீளமான நோட்ட நீட்டி கையெழுத்து போடச் சொன்னாங்க. எங்க சின்னம்மா பேனாவ வாங்கி கண்ணாடிய மாட்டி பக்கத்த திருப்புது, அந்தப் பக்கம் வெறும் பக்கம், இந்தப் பக்கம் கையெழுத்து மட்டும் வரிசையா. “தம்பி, இதுல இன்னும் ஒன்னும் எழுதலையே, எதுக்கு போடுறது?”ன்னு கேட்டுச்சு. வருகைக்குத்தான் சின்னம்மான்னான் அந்தப் பையன். அப்ப மேல வருகைன்னு எழுதுன்னு நின்னுடுச்சு, எழுதுன பிறகுதான் போட்டுச்சு. நீங்களும் அப்படியே செய்ங்க. தீர்மானத்த சத்தமா படிக்கச் சொல்லுங்க, போன்ல போட்டோ எடுத்துக்குங்க.

சண்டை முத்துனா தாசில்தாரோ ஆர்டிஓவோ (வருவாய் கோட்டாட்சியர்) அமைதிக் குழு கூட்டம் போடுவாங்க. உண்மையில முக்கால்வாசி முடிவு இங்கதான் ஆகுது. என் பார்வையில பெரிய கோளாறும் இங்கதான். ரெண்டு தரப்புலயும் நாலு பெருசுங்கள மட்டும் கூப்புடுவாங்க, அந்த சிலையடியில தெனமும் பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க, பூக்கடை அக்கா, காலேஜ் பசங்க யாரும் அந்த ரூம்ல இருக்க மாட்டாங்க. கூட்டம்னு தெரிஞ்ச உடனே எங்களையும் கூப்புடுங்கன்னு தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துடுங்க. கையெழுத்தாகுற பேப்பர்ல காப்பி கேளுங்க. தடையுத்தரவு வந்தா, முன்ன 144 பிரிவுன்னு சொன்னது இப்ப புது சட்டத்துல 163 பிரிவு, பொதுவா ரெண்டு மாசத்துக்கு மேல ஓடாது.

சிலைய வைக்கிறதும் இடிக்கிறதும் மட்டும்தான் வழின்னு நெனைக்காதீங்க. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுல இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரி நீல் சிலைய எடுக்கணும்னு 1927ல போராட்டம் நடந்துச்சு, பத்து வருசம் கழிச்சு 1937ல ராஜாஜி ஆட்சியில அத மியூசியத்துக்கு கொண்டு போனாங்க, உடைக்கல. மெரினா கண்ணகி 2001ல போயி 2006ல திரும்பி வந்துச்சு. நடிகர் சிவாஜி கணேசன் சிலை டிராபிக்குக்கு எடைஞ்சல்னு கோர்ட் சொல்லி 2017ல அடையாறு மணிமண்டபத்துக்குப் போச்சு. இன்னொரு வழி பக்கத்துல ஒரு விளக்கப் பலகை. மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா இருக்கே, நெப்போலியன இங்கிலீஷ்காரன் ஜெயிச்சதுக்கு நம்ம தஞ்சாவூர் ராஜா சரபோஜி கட்டுன கோபுரம், அடுத்தவன் ஜெயிச்சதுக்கு இங்க எதுக்குய்யா எட்டு மாடின்னு கோவம் வரலாம், ஆனா இடிச்சா அந்தக் கேள்விய கேக்க எடமே இருக்காது. இது என் கருத்து, உங்களுக்கு வேற இருக்கலாம்.

மனு எழுதும்போது எங்க தலைவர், எங்க மானம்னு மூணு பக்கம் ஓட்டாதீங்க. சர்வே நம்பர், எடத்தோட வகை, எந்தத் துறை, உங்களுக்கு என்ன வேணும் (இருக்கட்டும், நகத்துங்க, பலகை வைங்க), நகத்துனா எங்க, அவ்வளவுதான். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல கொடுங்க, கேட்ல பைய சோதிப்பாங்க, கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. அதோட பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) ஒன்னு போடுங்க: சிலைக்கு அனுமதி கொடுத்த அரசாணை காப்பி, பராமரிப்பு யாரு, எடம் மாத்துற திட்டம் இருந்தா அதோட ஃபைல். 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மொத அப்பீல். அரசாணையே இல்லைன்னு பதில் வந்தா ஆச்சரியப்படாதீங்க, அந்த பதிலையும் மனுவோட சேத்து வச்சுக்குங்க, மனு நம்பர் போட்ட ரசீத செராக்ஸ் எடுத்துடுங்க, அந்த மை ஆறு மாசத்துல மங்கிப் போயிடுது.