பட்டை, கிராம்பு போட்ட குழம்பும் கெடும்

ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று. கிளினிக் திறப்பதற்கு முன்பே ஒரே வீட்டைச் சேர்ந்த ஐந்து பேர் வந்து காத்திருந்தார்கள். ஐவருக்கும் வயிற்றை முறுக்கும் வலி, வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை. முந்தைய நாள் மதியம் புது மாப்பிள்ளைக்குக் கறிவிருந்து, நள்ளிரவில் தொடங்கியிருக்கிறது. சமைத்த அம்மா கண்கலங்கிக் கேட்டார்: "மஞ்சள், மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் அரைத்துப் போட்ட குழம்பு டாக்டர். அது எப்படிக் கெடும்?"

இந்தக் கேள்வியைப் பல வீட்டார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மசாலா சேர்த்தால் உணவு கெடாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் ஆய்வகத்தில் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. ஆனால் ஓர் அண்டா குழம்பில் நாம் போடும் நாலு கிராம்புக்கு அந்த வலு கிடையாது.

இன்னொன்றும் உண்டு. மிளகும் மல்லியும் மிளகாயும் திறந்த வெளியில் காய்பவை. மண்ணோடும் தூசியோடும் சில பாக்டீரியாக்களின் விதைகள் போன்ற வித்துகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு வரும். பச்சைக் கறியிலும் இருக்கும். கொதிக்கவைத்தாலும் இவை சாவதில்லை. அந்தச் சூடே உறக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. குழம்பு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகத் தொடங்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற வகை, சுமார் 45 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடிக்கும்.

அந்த வீட்டில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, அண்டாவை மூடி, அப்படியே விட்டிருக்கிறார்கள். மூடிய பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி விடியும்வரைகூட வெதுவெதுப்பாகவே இருக்கும். மறுநாள், "ஓரத்தில் கொதி கண்டதும் இறக்கிவிட்டேன்" என்றார் அந்த அம்மா. வித்துகள் சாகாவிட்டாலும், முளைத்துப் பெருகிய கிருமிகள் நன்றாகக் கொதித்தால் செத்துவிடும்; ஆனால் ஓரம் கொதித்தபோது நடுவில் இருந்த குழம்பு கொதித்திருக்காது. பரிசோதனைக்கு அனுப்பக் குழம்பு மிச்சமில்லை. ஆனால் நேரக்கணக்கும் அறிகுறிகளும் கிளாஸ்ட்ரிடியத்தையே காட்டின.

பிரியாணியிலும் சாதத்திலும் சிக்கல் வேறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் ஒருவகை நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சில மணி நேரத்திலேயே வாந்தி வரும்.

புளியோதரையும் ஊறுகாயும் தாங்குகின்றனவே என்பார்கள். அவற்றைக் காப்பவை புளிப்பும் உப்பும் எண்ணெயும்தான். கறிக்குழம்பில் புளிப்பு குறைவு, தண்ணீரும் புரதமும் அதிகம்.

விருந்துக்கு முந்தைய நாளே சமைத்தால் குழம்பை அண்டாவில் விடாதீர்கள். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்துக் கிளறி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அடிவரை கிளறி, முழுவதும் தளதளவென்று கொதிக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி விருந்துகளின் மறுநாள் என் கிளினிக் காலியாக இருக்கும்.

அடுப்பேறாத பண்டங்களின் மேல் தூவும் பொடியிலும் கவனம் வேண்டும். 2009-10இல் அமெரிக்காவில் சலாமி இறைச்சியின் மேல் பூசிய மிளகு வழியாக சால்மோனெல்லா என்ற கிருமி பல மாநிலங்களில் பரவியது. மோருக்கும் தயிர்ப் பச்சடிக்கும் மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துப் பொடியுங்கள். ஈரக் கரண்டியை அஞ்சறைப் பெட்டிக்குள் விடாதீர்கள். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தூவவும் வேண்டாம். பூஞ்சை பிடித்த மிளகாயை வெயிலில் போட்டு மீட்க முடியாது; எறிந்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைப் பொடியைப் பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தையிடம் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அறிகுறி தொடங்கியதுமே வர வேண்டும்.