இன்றைக்கு யார் பாடு?

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரியில், மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பகிர்வதற்குப் பெயர் பாடு. அங்கே இறால் பிடிக்க நல்ல இடங்கள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. காரணம் இறாலின் வாழ்க்கைமுறை. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏறுகிற நீரோடு ஏரிக்குள் வந்து, சில மாதம் தின்று கொழுத்து, முழுப் பருவம் அடைய மறுபடி கடலுக்கே திரும்புகின்றன. பெரும்பாலும் ராத்திரியில், அதுவும் நீர் வற்றுகிற நேரமாகப் பார்த்து. அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் சூரியனும் நிலவும் பூமியோடு ஒரே கோட்டில் வருவதால் ஏற்ற இறக்கம் கூடும், வெளியேறும் நீரின் இழுப்பும் கூடும், அதோடு இறாலும் கூட்டமாக இறங்கும்.

இங்கே போடுகிற சுத்து வலை கம்பு நட்டுக் கட்டுவது. அது இறாலைத் துரத்திப் போகாது, வருகிற வழியில் நிற்கும், அவ்வளவுதான். அப்படியென்றால் திறமையைவிட இடம்தான் பெரிது. வழியில் முதலில் நிற்கிறவன் வலை நிறைந்தால் அடுத்தவனுக்கு மிச்சம்தான். சண்டை வர இது போதாதா?

அதற்குத்தான் பாடு முறை. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்ப் பஞ்சாயத்து, உரிமையுள்ள தலைக்கட்டுகளை, அதாவது குடும்பங்களைக் கணக்கெடுத்து, சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம் எந்த முறை என்று பிரித்துவிடும். நல்ல இடம் சுழன்று சுழன்று எல்லோருக்கும் வரும். நாளை என் முறை என்று தெரிந்தவனுக்கு இன்றைக்கு முந்தியடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் நிற்கும் வலைகளும் ஒரு அளவுக்குள் இருப்பதால் கொஞ்சம் இறால் தப்பிக் கடலுக்குப் போய் முட்டையும் இடுகிறது. சண்டையைத் தவிர்க்க வந்த ஏற்பாடு, இறாலுக்கும் உதவியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இலங்கையின் நீர்கொழும்பு களப்பிலும் (கடலோடு சேரும் இதேபோன்ற ஏரி) இதேபோல இடம் பிரித்து, சீட்டுப் போட்டுத்தான் கட்டுவலை போடுகிறார்கள். அங்கே மீனவர் சங்கங்களின் இந்த வழக்கத்தை அரசே 1958-இல் விதியாக்கிவிட்டது. பழவேற்காட்டில் விதி ஊரின் நினைவிலும் பேச்சிலும் இருக்கிறது.

சரி, இதை மரபு என்று கொண்டாடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். உரிமை பிறப்பால் வருகிறது. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் பிற சாதியினர், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் எல்லோரும் இந்தச் சீட்டுக்கு வெளியே. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபோது இந்த வேலி இன்னும் உறுத்தியது. உள்ளே இருப்பவர்களுக்குள் நியாயம் நன்றாகத்தான் பிரிகிறது, வேலியைப் போட்டது யார் என்று கேட்டால்தான் சிக்கல்.

அப்புறம் மணல். கடலலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் குஞ்சு உள்ளே வராது, ஏரியின் உப்புத்தன்மையும் நிலைதடுமாறும். அந்த மாதிரி வருடங்களில் சீட்டில் நல்ல இடம் விழுந்தவருக்கும் வலையில் ஒன்றும் இருக்காது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கச் சொல்லி மனுவோடு அரசு அலுவலகத்துக்குத்தான் போயாக வேண்டியிருந்தது.