கேர்டேக்கர்: சொல் விளக்கம்

"அப்பாவைப் பார்த்துக்க ஆள் வெச்சிருக்கோம்." படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிற வீடுகளில் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்த 'ஆள்' யார்? ஏஜென்சிக்காரர் கேர்டேக்கர் என்பார். பக்கத்து வீட்டில் வேலைக்காரப் பெண் என்பார்கள். பெரியவர் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். டயப்பர் மாற்றுவது, மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றுவது, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது என்று வேலை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கேர்டேக்கர் என்றால் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம், கட்டடம் இவற்றைப் பார்த்துக்கொள்பவர். நம் செய்தித்தாள்கள் 'காபந்து அரசு' என்று எழுதுவதும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மனிதரைப் பார்த்துக்கொள்பவரை அங்கே கேரர் என்பார்கள், அமெரிக்காவில் கேர்கிவர். கட்டடத்துக்கு உரிய சொல்லை நாம் பாட்டிக்கு வைத்துவிட்டோம்.

'கேர்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை என்றே பொருள். குணமாக்குவதைக் குறிக்கும் 'க்யூர்' இதற்கு உறவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது லத்தீன் வழி வந்தது. கேரின் உண்மையான உறவு ஜெர்மன் மொழியில் இருக்கிறது. புனித வெள்ளியை அங்கே 'கார்ஃப்ரைடாக்' என்கிறார்கள், துக்க வெள்ளி. ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக பி1, பி2 என்று ஜெர்மன் மொழித் தேர்வுகளுக்கு உட்கார்ந்து படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். அகப்பாடல்களில் வரும் செவிலி, பெற்ற தாய் அல்ல, வளர்த்த தாய். பெற்றவளை நற்றாய் என்பார்கள். காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியில் அலைகிறவள் செவிலிதான். கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில், எதிரே வரும் அந்தணர்களை நிறுத்தி அவள் விசாரிக்கிறாள். 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். அதாவது அம்மா வளர்த்தாள், மகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். இன்றைய செவிலியர் இந்தச் சொல்லிலிருந்து வந்தவர். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதி என்கிறார்கள். அது 'தாத்ரி' என்ற வடசொல், பாலூட்டி வளர்ப்பவள். 'நர்ஸ்' என்பதன் லத்தீன் மூலமும் பாலூட்டுபவளையே குறித்தது. ஆயா போர்த்துக்கீசியரோடு வந்த சொல். அதன் வேரைத் தோண்டினால் லத்தீன் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். செட்டிநாட்டில் பாட்டியை ஆயா என்பது தற்செயல் ஒற்றுமை என்றே நினைக்கிறேன்.

எல்லாமே உறவுப் பெயர், எல்லாமே பெண். ஆண் நர்ஸைக்கூட 'பிரதர்' ஆக்கித்தான் கூப்பிடுகிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டால், "ஹாஸ்பிடல்ல இருக்கேன்" என்று பட்டும்படாமல் சொல்லும் பையன்களை எனக்குத் தெரியும்.

இளவயதினருக்குப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள மனசில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் தன் பாட்டியை இரண்டு வருடம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். பாட்டி போன பிறகு, நான்கு வீடு தள்ளி அதே வேலைக்கு மாதச் சம்பளத்தில் கூப்பிட்டார்கள். போகவில்லை. "பாட்டிக்குச் செஞ்சா நான் பேத்தி. அங்க போனா நான் யாரு?" என்றாள். இப்போது துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். சம்பளம் குறைவுதான். ஆனால் சேல்ஸ் கேர்ள் என்று சொல்லிக்கொள்ளலாமே!

அப்படியானால் சரியான தமிழ் எது? அரசு அறிவிப்புகளில் 'பராமரிப்பாளர்'. 'பராமர்சம்' என்ற வடசொல்லுக்கு ஆராய்தல், எண்ணிப் பார்த்தல் என்று பொருள். பேச்சில் நாம் 'பார்த்துக்கொள்' என்பதும் கிட்டத்தட்ட அதே பார்வைதான், அந்த வகையில் நல்ல சொல். ஆனால் மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக நாளை மின்தடை என்று படித்துப் படித்து, டிரான்ஸ்ஃபார்மர் நினைவு வராமல் எனக்கு அந்தச் சொல்லைப் படிக்க முடியவில்லை.

என் ஓட்டு 'பேணுநர்' என்பதற்கு. பேணு என்றால் காத்தல், போற்றுதல், விரும்புதல். 'தற்கொண்டான் பேணி' என்று குறள் இதையும் மனைவி தலையில்தான் வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'நர்' விகுதி சேர்ந்தால் ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் வந்துவிடுகிறது. அதில் ஆணும் உட்காரலாம், பெண்ணும் உட்காரலாம். யாருடைய மகளாகவும் சிஸ்டராகவும் இருக்கவேண்டியதில்லை.

துணிக்கடைப் பெண்ணிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பிஎஃப் பிடிப்பாங்களா?"