பள்ளிக்கு இடம் முதலில், மனைக்கு இடம் அப்புறம்

ஒரு மனைப்பிரிவின் வரைபடம் மேசைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடத்தைத்தான். சாலை அகலம், மனைகளின் அளவு எல்லாம் அப்புறம். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே, வரைந்தவர் எதை முதலில் வரைந்தார், எதைக் கடைசியில் வரைந்தார் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கடைசியில் வரைந்ததாகத்தான் இருக்கிறது. நல்ல சதுரமான பகுதிகளையெல்லாம் மனைகளாக வெட்டிய பிறகு எந்த மனையும் அடங்காத ஒரு முக்கோணம் மிஞ்சும். பின்பக்க எல்லையை ஒட்டி, உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழேயோ மழைநீர் ஓடும் பள்ளத்தின் கரையிலோ கிடக்கும். சாலையைத் தொடும் பக்கத்தின் அகலம் ஒரு லாரி உள்ளே திரும்பக்கூடப் போதாது. அதில் ‘பூங்கா மற்றும் பொது உபயோகம்’ என்று எழுதிப் பச்சை வண்ணம் அடித்துவிட்டால், பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்று விதி கேட்கும் நிலத்தின் விழுக்காடு சரியாக வந்துவிடும். கணக்கு சரி. ஆனால் அந்த நிலத்தில் ஒரு வகுப்பறைகூடக் கட்ட முடியாது. விதிகள் பரப்பளவைக் கேட்கிற அளவுக்கு வடிவத்தையும் வழியையும் கேட்பதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். குறைந்தபட்ச அகலம் இவ்வளவு, குறிப்பிட்ட அகலமுள்ள சாலையை ஒட்டியே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த இடங்களில் இந்த முக்கோணங்கள் குறைகின்றன.

பொது இடம் முதலில், மனை அப்புறம் என்ற வரிசையைச் சரியாகப் போட்டவர்கள் வெகு காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். 1733-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் சவான்னா நகரத்தை ஜேம்ஸ் ஓகிள்தார்ப் அமைத்தார். ஒவ்வொரு வார்டுக்கும் நடுவில் ஒரு சதுக்கம். அதன் கிழக்கிலும் மேற்கிலுமாக நான்கு பெரிய மனைகள், தேவாலயம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கென்றே. வடக்கிலும் தெற்கிலும் 40 வீட்டு மனைகள். நகரம் வளர்ந்தபோதும் இதே அமைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். மொத்தம் 24 சதுக்கங்கள் உருவாகின; 22 இன்றும் இருக்கின்றன.

1785-இல் அந்நாட்டின் நில அளவைச் சட்டம் நகரியம் என்ற, பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள ஒவ்வொரு சதுர நிலப் பிரிவையும் 36 பகுதிகளாகப் பிரித்து, 16-ஆம் பகுதியைப் பொதுப் பள்ளிகளின் பராமரிப்புக்கென்று ஒதுக்கியது. 640 ஏக்கர். அந்த எண் நகரியத்தின் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்: நட்டநடுப் புள்ளியைத் தொடுகிற நான்கு பகுதிகளில் அது ஒன்று. மூலையில் கிடப்பதைத் தள்ளிவிடவில்லை.

1929-இல் அமெரிக்க நகரத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி முன்வைத்த அக்கம்பக்க அலகு என்ற கருத்துதான் இன்றைய திட்டங்கள் பலவற்றுக்கு அடித்தளம். சுமார் 160 ஏக்கர் பரப்பு, நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி, எந்த வீட்டிலிருந்தும் ஏறத்தாழ கால் மைல் நடை, பெரிய சாலைகள் எல்லையில் மட்டும், பத்தில் ஒரு பங்கு திறந்தவெளி. பிள்ளை பெரிய சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போக வேண்டும் என்ற ஒரே அக்கறையிலிருந்து முழு வரைபடமும் பிறக்கிறது. எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

இன்று நகரங்களின் ஓரத்தில் நடப்பது வேறு. முழுப் பகுதிக்கும் ஒரு திட்டம் வருவதற்கு முன்பே, ஐந்து ஏக்கர், ஐந்து ஏக்கராக மனைப்பிரிவுகள் தனித்தனியே அனுமதி வாங்கிவிடுகின்றன. பத்து மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பத்து விழுக்காடு விட்டால் ஆளுக்கு அரை ஏக்கர். கூட்டினால் ஐந்து ஏக்கர், ஒரு மேல்நிலைப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அந்த ஐந்து ஏக்கர் பத்து துண்டுகளாக, பத்து வேலிகளுக்குள் சிதறிக் கிடக்கிறது. பத்து சின்னப் பூங்கா கிடைக்கும், பள்ளி கிடைக்காது. இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. குறிப்பிட்ட பரப்புக்குக் குறைவாக இருந்தால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம் என்று பல விதிகளில் உண்டு. பணம் வந்து சேரும். அதைக் கொண்டு வாங்க நிலம் பக்கத்தில் இருக்காது. இதனால்தான், மனைப்பிரிவுகள் வருவதற்கு முன்பே பகுதி அளவிலான விரிவான திட்டம் வர வேண்டும் என்று எங்கள் நகரமைப்புத் துறையில் பலரும் மன்றாடுகிறோம்.

துண்டு நிலங்களைச் சேர்த்து மறுபடி பிரிக்கும் முறையும் ஒன்று உண்டு. எல்லா உரிமையாளர்களின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பொது வசதிக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தருவது. அளவு குறைந்தாலும் சாலை வசதியுடன் வருவதால் மதிப்பு கூடும். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவை இப்படித்தான் சீரமைத்தார்கள். அப்போது 52 சிறு பூங்காக்களைத் தொடக்கப் பள்ளிகளை ஒட்டியே அமைத்தார்கள். பகலில் பள்ளியின் திடல், பேரிடரில் மக்கள் ஒதுங்கும் வெளி. ஒரே நிலம் இரண்டு வேலை செய்தது.

பூங்கா வேண்டும், பள்ளி வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். யாரும் கேட்காத வசதிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மயானம், குப்பை தரம் பிரிக்கும் கூடம், கழிவுநீர் உந்து நிலையம், துணை மின்நிலையம், பேருந்துப் பணிமனை. இவை இல்லாமல் நகரம் ஒரு வாரம்கூட ஓடாது. ஆனால் வீடுகள் வந்த பிறகு எந்தத் தெருவும் இவற்றைத் தன் பக்கத்தில் விடாது, அந்த எதிர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து, சுற்றிலும் மரங்களுக்கு இடம் விட்டு, மனை வாங்குகிறவருக்குத் தெரியும்படி வைத்தால் சண்டை வராது. குறிக்காமல் விட்டால் கடைசியில் அது எதிர்க்கக் குரல் இல்லாதவர்களின் குடியிருப்பை ஒட்டித்தான் போய்ச் சேரும். இதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன்.

சரி, நல்ல இடமாகவே ஒதுக்கியாகிவிட்டது. அதோடு முடிவதில்லை. பள்ளிக்கென்று விட்ட இடம் பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். முதலில் கட்டட இடிபாடுகள் வந்து விழும். பிறகு வண்டிகள் நிற்கும். பிறகு ஒரு தகரக் கொட்டகை, அதற்கு ஒரு மின் இணைப்பு. ஒருநாள் ‘நீண்டகாலமாகப் பயன்பாட்டில் இல்லை’ என்ற காரணத்தோடு நில உபயோக மாற்றம் கோரும் மனு வரும். அந்த நிலம் உள்ளாட்சியின் பெயருக்குப் பதிவாகாமல், பழைய உரிமையாளரின் பெயரிலேயே ஆவணங்களில் தொடர்ந்தால் வேலை இன்னும் சுலபம். ஆகவே அனுமதி கொடுக்கும் அன்றே பெயர் மாற வேண்டும், எல்லைக்கல் நட வேண்டும், வேலி போட வேண்டும். கட்டடத்துக்குப் பணம் வரும்வரை அங்கே பிள்ளைகள் விளையாடட்டும். ஆள் நடமாட்டம் உள்ள நிலத்தில் கொட்டகை போடுவது கடினம்.

அரசே மாற்றினாலும் கேட்க வழி உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டபோது அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றது. சவான்னாவில் ஒரு சதுக்கத்தில் இருந்த சந்தையை 1954-இல் இடித்து வாகன நிறுத்தக் கட்டடம் கட்டினார்கள். அந்தச் சதுக்கம் மறுபடி மக்களுக்குத் திறக்கப்பட்டது 2010-இல். அரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது.

மனை வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். விளம்பரத் தாளில் உள்ள படத்தைப் பார்க்காதீர்கள். அனுமதி எண் உள்ள வரைபடத்தின் நகலை வாங்குங்கள். பொது இடத்தின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு நேரில் போய் அதன் நான்கு மூலையிலும் நின்று பாருங்கள். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், உங்கள் பகுதியின் வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாட்களைத் தவறவிடாதீர்கள். ‘எங்களுக்குப் பள்ளி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் அது ஒரு வரியாகக் கரைந்துவிடும். எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, எந்தச் சாலையை ஒட்டி, சுற்றிலும் எத்தனை குடும்பங்கள் என்று எழுதி, வரைபடத்தின் நகலில் வட்டமிட்டு இணைத்துக் கொடுங்கள். அப்படி வருகிற மனுவுக்கு, ஏற்றாலும் மறுத்தாலும், அதிகாரி காரணம் எழுத வேண்டிய நெருக்கடி வரும். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.